6 ஆண்டுகள், 11 பஞ்சர்கள்: என் வண்டிப் பையில் தங்கியவையும் வெளியேறியவையும்

என் யமஹா எஃப்இசட் வண்டிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. 2019-இல் வாங்கியது, 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 11 முறை பஞ்சர் ஆகியிருக்கிறது. அதில் 9 பின்சக்கரத்தில். படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி நிமிர்த்திவிடுகிறது, பின்னால் வரும் சக்கரம் அதை வாங்கிக்கொள்கிறது. இந்த 11-இல் 8-ஐச் சாலையோரத்திலேயே நானே சரிசெய்தேன். இதற்குள் மூன்று பஞ்சர் பெட்டிகளை வாங்கி, இரண்டைக் கழித்துவிட்டேன். புதிதாக வாங்குகிறவர்கள், துளையை அடைக்கச் செருகும் திரி எத்தனை இருக்கிறது, எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். காற்றை எப்படி நிரப்பப்போகிறோம் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட நான்கு பஞ்சர்கள் ஆயின.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் சக்கரத்துக்குள் டியூப் இருக்கிறதா, இல்லையா? என்னுடையதில் இல்லை. என் மைத்துனர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, தன் புல்லட்டுக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார். அவருடையது கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். வெளியிலிருந்து திரி செருகும் பெட்டி அவருக்கு எந்த வகையிலும் உதவாது. அவருக்கு வேண்டியது சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனர், டயரை நெம்பும் இரண்டு லீவர், ஒரு மாற்று டியூப். டயரின் பக்கவாட்டில் ‘டியூப்லெஸ்’ என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதே டயரைக் கம்பிச் சக்கரத்தில் மாட்டி உள்ளே டியூப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. ரிம்மையும் சேர்த்துப் பாருங்கள்.

என் முதல் பெட்டி 250 ரூபாய். அதை நம்பிக் கிளம்பியது வண்டி வாங்கிய அதே ஆண்டு டிசம்பரில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில். இரவு ஒன்பது மணி இருக்கும். செஞ்சி தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் மெத்தை மேல் போவதுபோல் அலையத் தொடங்கியது. நிறுத்திக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால் டயரின் நடுவில் ஒரு லாட ஆணியின் தலை பளபளத்தது. ஆணியைப் பிடுங்கினேன். துளையைச் சீராக்கும் முறுக்கு ஊசியைச் செருகி அழுத்தினேன். பின்சக்கரத்தின் டயர் 140/60-17 அளவு, ரேடியல் வகை. ரப்பரை விட உள்ளே இருக்கும் அடுக்குகள்தாம் ஊசியைப் பிடித்து நிறுத்துகின்றன. உடல் எடையை எல்லாம் போட்டு அழுத்தியபோது ஸ்க்ரூடிரைவர் போன்ற அந்த பிளாஸ்டிக் பிடி விரிந்து, ஊசி பிடிக்குள்ளேயே சுழல ஆரம்பித்தது. பிடி என் உள்ளங்கையில், ஊசி டயரில். அந்த ஊசியைத் திரும்ப இழுக்கக்கூட வழியில்லை.

இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், சாலையோரம் கம்பத்தில் பழைய டயர் தொங்கிய ஒரு கடையை அடைந்தேன். கடைக்காரர் பெரியவர். குறடால் ஊசியை உருவிவிட்டு, தன் கருவியை எடுத்தார். ‘டி’ எழுத்து வடிவில் இரும்புப் பிடி, பல ஆண்டுக் கைவேலையில் வழுவழுப்பாகியிருந்தது. “ஊசி எல்லாம் ஒன்றுதான், தம்பி. பிடியைப் பார்த்து வாங்குங்கள்” என்றார். இரண்டு கையாலும் பிடித்து ஒரே அழுத்தில் உள்ளே இறக்கினார். ஐந்து நிமிட வேலை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் நான் படித்த விளம்பர வாசகங்கள் எல்லாவற்றையும் விட எனக்கு உதவியிருக்கிறது.

ஆகவே பிடி உலோகமாக இருக்க வேண்டும், ‘டி’ வடிவில் இருக்க வேண்டும், ஊசி பிடிக்குள் ஊடுருவிப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். திரி கோக்கும் ஊசி பார்வைக்குக் கோணி ஊசி போலவே இருக்கும். அதன் காதில் ஒரு பக்கம் பிளவு உண்டு. அந்தப் பிளவு இல்லையென்றால் ஊசியை இழுக்கும்போது திரியும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நான் இப்போது வைத்திருக்கும் ‘டி’ பிடி ஜோடியை 2020-இல் 650 ரூபாய்க்கு வாங்கினேன். முனை இன்னும் மழுங்கவில்லை.

திரியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அது காய்ந்துபோகும். பழுப்பு நிறத்தில், தார் பூசிய விளக்குத் திரி போல இருக்கும் அது, புதிதாக இருக்கும்போது விரலில் ஒட்டிக்கொண்டு இழுத்தால் நூல் நூலாக நீளும். இந்த ஒட்டும் தன்மைதான் துளையை அடைக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டிப் பையில் இரண்டு கோடைக்காலம் கிடந்தால் தாளோடு ஒட்டி இறுகிவிடுகிறது. 30 திரி உள்ள பெட்டி வாங்கி 22-ஐ எறிந்தேன். இப்போது ஐந்தைந்தாக வாங்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஜூனில் மாற்றுகிறேன். திரியில் பூசும் சொல்யூஷன் என்ற பசையின் டியூபும் அப்படியே. ஒருமுறை திறந்த டியூபை அடுத்த பஞ்சருக்கு நம்ப முடியாது, மூடியை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே கெட்டியாகிவிடுகிறது.

திரிக்குப் பதிலாகக் காளான் வடிவப் பிளக்கும் ஒரு காலம் வைத்திருந்தேன். உள்ளே தலை விரிந்து நின்றுகொள்ளும், பசை வேண்டாம், வேலை சுத்தம். நகரத்தில் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு பிளக் சுமார் 600 கிலோமீட்டரில் தண்டு அறுந்து வெளியே வந்தது. கடையில் டயரைக் கழற்றிப் பார்த்தபோது துளையின் விளிம்பு தண்டைத் தேய்த்துத் தேய்த்து அறுத்திருப்பது தெரிந்தது. திரி அப்படி ஒருமுறைகூட என்னைக் கைவிடவில்லை. முன்கூட்டியே டயருக்குள் ஊற்றி வைக்கும் திரவத்தை ஆறு மாதம் முயன்றேன். வால்வுக்குள் கட்டிதட்டிக் காற்றழுத்தமானியை அடைத்துவிட்டது. டயர் மாற்றும்போது உள்ளே இருந்த பசையைத் துடைத்த கடைப் பையன் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனையையே விட்டுவிட்டேன்.

இனி காற்று. என் வண்டிக்குக் காற்றழுத்தம் முன்னால் 28, பின்னால் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). பின்சக்கரத்தைச் சுழியத்திலிருந்து 33-க்குக் கொண்டுவர 30 லிட்டருக்கும் மேல் காற்று தேவை. இந்தக் கணக்கை வாங்கும் முன்பே போட்டிருந்தால் நிறையப் பணம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் நம்பியது கரியமில வாயுக் குப்பி. 16 கிராம், கட்டைவிரல் அளவு. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வைத்திருப்பது. மெல்லிய சைக்கிள் டயருக்கு ஒன்றே போதும். என் பின்சக்கரத்தில் ஒரு குப்பி தந்தது 9 பிஎஸ்ஐ. பெட்டியில் இருந்தவை இரண்டு. 18 பிஎஸ்ஐயில், உறைபனி படிந்து விரலைச் சுடும் இரண்டு காலிக் குப்பிகளோடு உளுந்தூர்ப்பேட்டைக்கு வெளியே நின்றேன். நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க் சேர்ந்தேன். குப்பியில் இன்னொரு சங்கடம்: திரி சரியாக உட்காரவில்லை என்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கைப் பம்பு ஏமாற்றாது. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய பம்பால் பின்சக்கரத்தை வீட்டில் ஒருமுறை நிரப்பிப் பார்த்தேன். 400-க்கும் மேல் அடித்தேன், 22 பிஎஸ்ஐ தாண்டவில்லை. சித்திரை வெயிலில் அதைச் செய்ய யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்கலம் உள்ள, சார்ஜ் செய்யும் காற்றடிப்பான் மிக வசதியானது. எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அந்த அழுத்தத்தில் தானே நின்றுவிடும். முதல் ஆண்டு முழுக்க அதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். ஆனால் லித்தியம் மின்கலத்துக்கு வெயில் ஆகாது. வண்டிப் பையிலேயே 18 மாதம் வாழ்ந்த பிறகு, முழு சார்ஜில் ஒரு டயரைக்கூட முடிக்காமல் 26-இல் அணைந்துபோனது. வீட்டுக்குள் அலமாரியில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நல்ல பொருள். பையில் போட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு அல்ல.

என்னோடு தங்கியது 1,800 ரூபாயின் 12 வோல்ட் கம்ப்ரசர். வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. கார்களில் இருக்கும் சிகரெட் லைட்டர் துளை வண்டியில் இல்லை. ஆகவே பேட்டரி முனைகளிலிருந்து ஃபியூஸ் வைத்த ஓர் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சீட்டுக்கு அடியில் நிரந்தரமாக எடுத்து வைத்தேன். அதற்கு ஆன 300 ரூபாய்தான் இந்த ஆறு ஆண்டுகளில் நான் செய்த மிகச் சரியான செலவு. எஃப்இசட்டின் பேட்டரி சிறியது, எனவே என்ஜினை ஓடவிட்டுத்தான் கம்ப்ரசரைப் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் 33 வந்துவிடும். வால்வில் மாட்டும் பித்தளை முனை அதற்குள் கை வைக்க முடியாத அளவு சூடாகியிருக்கும்; ஒரு துணியை வைத்துக்கொள்ளுங்கள். திருகிக் கழற்றும்போது ஓரிரண்டு பிஎஸ்ஐ வெளியேறும், ஆகவே 35 வரை நிரப்புங்கள். கம்ப்ரசரின் சொந்தக் காற்றழுத்தமானியை நம்பாதீர்கள். என்னுடையது 33 காட்டும்போது பேனா வடிவத் தனி மானியில் 28 இருந்தது. அந்தத் தனி மானிக்கு 150 ரூபாய்; பெட்டியில் அதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

காற்றுதான் முதல் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். 2022-இல் மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் ஒரு கூர்ங்கல் டயரின் ஓரத்தைக் கிழித்தது. நிலத்தைத் தொடும் பகுதி முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடம். அங்கே டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. திரி நிற்காது, நின்றாலும் நம்பக் கூடாது. நல்லவேளையாகக் கிழிசல் மேலோட்டமானது, சோப்பு நீர் விட்டபோது குமிழி மெதுவாகத்தான் வந்தது. பையில் இருந்த ஊசிகளையும் திரிகளையும் தொடவே இல்லை. காற்று நிரப்பினேன், முதல் கியரில் பத்து வளைவு இறங்கினேன், நிறுத்தி மறுபடி நிரப்பினேன். இப்படி மூன்று முறை. மாலை ஆறரைக்கு அடிவாரத்துக் காரவள்ளி. கம்ப்ரசர் இல்லாமல் அன்று 30 திரி இருந்திருந்தாலும் இரவை மலையில்தான் கழித்திருப்பேன்.

அதிலிருந்து என் வழக்கம் மாறியது. ஆணி தெரிந்தால் உடனே பிடுங்குவதில்லை. டியூப்லெஸ் டயரில் ஆணியே பாதி அடைப்பு. முதலில் காற்று நிரப்பி, எச்சிலோ தண்ணீரோ தொட்டுக் குமிழியைப் பார்க்கிறேன். கசிவு மெதுவாக இருந்து கடை பக்கத்தில் இருந்தால் அப்படியே போய்விடுகிறேன். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அதே சாய்வில்தான் முறுக்கு ஊசி போக வேண்டும், நேராகக் குத்தினால் இரண்டாவது துளை விழும். துளையைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டால், ஆணி வெளியே வந்த பிறகு இருட்டில் தேட வேண்டியதில்லை. திரியின் இரண்டு நுனியும் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை தள்ளி, ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் வெளியே எடுக்க வேண்டும். மிச்சத்தை டயரோடு ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு வெட்டுகிறேன். ஓடும்போது தானே தேய்ந்துவிடும்.

இதை முதல்முறை சாலையில் செய்யாதீர்கள். மாற்றப்போகும் பழைய டயரில், வீட்டு வாசலில், பகலில் ஒரு துளை போட்டுப் பழகுங்கள். நான் 2020-இல் அப்படிப் பழகிய அந்த டயரைப் பிறகு ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். ஏற்கெனவே 9,000 கிலோமீட்டர் ஓடியிருந்த ஒரு திரி, உள்பக்கத்தில் பாக்கு அளவுக்கு உருண்டு ரப்பரோடு ரப்பராகக் கலந்திருந்தது; நகத்தால் பிரிக்க முடியவில்லை. பழகுவதற்காக அன்று போட்டவற்றில் ஒன்று மட்டும் பாதியில் மடங்கி நின்றது. அது நான் துளையைப் போதுமான அளவு சீராக்காமல் அவசரத்தில் செருகியது. திரி நன்றாக நின்றாலும், நீண்ட பயணத்துக்கு முன் டயரைக் கழற்றி உள்பக்கமாக ஒட்டுப் போட்டுக்கொள்கிறேன். முறையான பழுது அதுதான். சாலையோரத் திரி நம்மை அந்தக் கடை வரைக்கும் கொண்டுசேர்க்கிறது.

கடந்த ஆண்டு முதல் இதே பை என் மனைவியின் ஸ்கூட்டருக்கும் போகிறது. அவருக்கு ‘டி’ பிடியில் சிரமம் இல்லை. அந்தச் சிறிய டயர் என்னுடையதை விட எளிதாக ஊசியை ஏற்கிறது, காற்றும் இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது. சிக்கல் வால்வில். 10 அங்குலச் சக்கரத்தில் பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே கம்ப்ரசரின் நேரான முனை நுழையவே மாட்டேன் என்கிறது. முழங்கை போல வளைந்த ஒரு சின்னப் பித்தளை இணைப்பு 80 ரூபாய்க்குக் கிடைத்தது. அதை மாட்டினால் வேலை முடிகிறது, ஆனால் கழற்றும்போது நான்கு பிஎஸ்ஐ வரை போய்விடுகிறது. இதை விட நன்றாகப் பிடிக்கும் வளைந்த இணைப்பை யாராவது ஓர் ஆண்டுக்கு மேல் பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.