கூரியர் நஷ்டஈட்டுக்காகப் புகாரை மூடச் சொன்னால், மூடாதீர்கள்

ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வரவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறீர்கள். விற்றவர் வந்து, "நீங்கள் புகாரை மூடினால்தான் நான் கூரியரிடம் நஷ்டஈடு கேட்க முடியும், வந்ததும் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்கிறார். தயவுசெய்து மூடாதீர்கள். நான் மூடினேன். லென்ஸும் வரவில்லை, பணமும் வரவில்லை.

நான் வாங்கியது பழைய கேமரா லென்ஸ் ஒன்று. வேறு நாட்டிலிருந்து ஒரு தனிநபர் விற்றார். பேச்சு அவ்வளவு மரியாதை. பணம் கட்டிய மறுநாளே ட்ராக்கிங் எண் வந்துவிட்டது. ஆனால் அதைப் போட்டுப் பார்த்தால் "தவறான எண்" என்றே காட்டியது. கேட்டதற்கு, தட்டச்சுப் பிழை என்று சொல்லி நான்கு நாள் கழித்து வேறு எண் கொடுத்தார். சரி, யாருக்கும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் தபால்களுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த எண் வடிவம் ஒன்று உண்டு: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதில்லை. முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதை 11ஆல் வகுத்து வரும் மீதியை 11இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் கிடைக்கும் (10 வந்தால் 0, 11 வந்தால் 5). எல்லாம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து முதல் எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஒரு இலக்கம் மாறிப்போனாலும் பொருந்தாதுதான், அதனால் இதை வைத்து மட்டும் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியான எண் கையில் இருப்பவருக்கு அதைத் திருத்தி அனுப்ப எதற்கு நான்கு நாள்?

இரண்டாவது எண் ஒழுங்காக நகர்ந்தது. ஒரு மதியம் "டெலிவரி ஆனது" என்று வந்தது. அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவில்லை. பக்கத்து வீடுகளில் கேட்டேன், அங்கேயும் இல்லை. இரண்டு நாள் பொறுத்து, ஆர்டர் போட்ட 20ஆம் நாள் தளத்தில் புகார் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அந்தப் புகாரை மூடச் சொல்லும் செய்தி வந்தது. "இரண்டு பேரும் பாதிக்கப்பட்டவர்கள்தான், சேர்ந்து கூரியரிடம் வாங்குவோம்" என்றும் எழுதியிருந்தார். நான்கு நாள் யோசித்து மூடினேன். அதன்பிறகு "படிவம் போட்டிருக்கிறேன்", "இன்னும் ஒரு வாரம்" என்று பதில்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தத் தளத்தில் புகாருக்கான கெடு 30 நாள். 31ஆம் நாளிலிருந்து பேச்சே இல்லை. மூடிய புகாரைத் திரும்பத் திறக்க வழியில்லை என்று தளமும் கையை விரித்துவிட்டது.

அப்புறம்தான் தபால் நிலையத்துக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். கவுன்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிவிட்டு, "நீங்கள் வாங்கினது என்ன?" என்று கேட்டார். லென்ஸ் என்றேன். பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். எடை: 62 கிராம். நான் வாங்கிய லென்ஸ், பெட்டி இல்லாமலே 400 கிராமுக்கு மேல். என் அஞ்சல் குறியீட்டுக்குள்ளேயே வேறொரு முகவரிக்கு ஏதோ ஒரு கவர் போயிருக்கிறது. ட்ராக்கிங் பக்கம் ஊரையும் குறியீட்டையும்தானே காட்டுகிறது, கதவு எண்ணைக் காட்டுவதில்லையே! அந்த ஓட்டையில்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. அந்த இன்னொரு முகவரியை எனக்குச் சொல்ல முடியாது என்றார், நியாயம்தான். "இந்த எண்ணுள்ள தபால் இவர் முகவரிக்கு வந்ததல்ல" என்று எடையையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் தந்தார்.

நானும் அவ்வப்போது பழைய பொருள் விற்பவன்தான், அதனால் விற்பவர் பக்கமும் தெரியும். ஒருமுறை வரவேயில்லை என்று என்னிடம் சண்டை போட்டவரின் பார்சல், அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது. நிஜமாகவே பார்சல் தொலைவதும் உண்டு. ஆனால் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதில் குழப்பம் வேண்டாம். கூரியரோடு ஒப்பந்தம் போட்டவர் அனுப்பியவர். நஷ்டஈடு கேட்கும் உரிமையும் பெரும்பாலும் அவருக்குத்தான். அதற்கும் நீங்கள் தளத்தில் கொடுத்த புகாருக்கும் முடிச்சே கிடையாது. உங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கூரியரோடு மல்லுக்கட்டட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை விதியும் பிரிட்டனின் 2015 சட்டமும் இதையே சொல்கின்றன: பொருள் வாங்கியவர் கைக்கு வரும்வரை அதன் பொறுப்பு விற்ற வியாபாரியுடையது. வாங்குபவர் தானே வேறு கூரியரை ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் கதை வேறு. இந்தச் சட்டங்கள் வியாபாரிகளுக்கானவை, என்னிடம் விற்றவரைப் போன்ற தனிநபருக்குப் பொருந்தாது. தனிநபரிடம் வாங்கும்போது தளத்தின் புகார்ப் பெட்டி ஒன்றுதான் கையில் இருக்கும் பிடி. அதையும் நானே கழற்றிக் கொடுத்தேன்.

இப்போது நான் எதையாவது விற்றால், ஒட்டிய லேபிளும் தராசில் தெரியும் எடையும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுகிறேன். வாங்கும்போதும் அதே படத்தைக் கேட்கிறேன். ஒழுங்கானவர் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டு, தபால் நிலையக் கடிதத்தையும் கொடுத்திருக்கிறேன். இதற்கான கெடு பெரும்பாலும் 120 நாள், ஆனால் வங்கிக்கு வங்கி மாறும். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். என் விசாரணை இன்னும் முடியவில்லை.

போன வாரம் அதே தளத்தில் வேறொரு பெயரில் அதே லென்ஸ் விற்பனைக்கு வந்திருந்தது. அதே படம், மூடியின் இடது ஓரத்தில் அதே கீறல். தளத்துக்குத் தெரியப்படுத்தினேன். இதை எழுதும்வரை அந்த விளம்பரம் அங்கேதான் இருக்கிறது.