டாஷ்போர்டுக்கு எது நல்லது: பளபள பாலிஷா, மேட் ப்ரொடெக்டன்ட்டா?

கார் ஆக்சஸரீஸ் கடையில் டாஷ்போர்டு பாலிஷ் கேட்டால் பெரும்பாலும் வாசனையோடு ஒரு சிலிகான் ஸ்ப்ரேயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அடித்துத் துடைத்ததும் புது வண்டி மாதிரி மின்னும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மினுமினுப்பு எண்ணெய்ப் படலம்தான். புழுதி வந்து ஒட்டிக்கொள்ளும், உச்சி வெயிலில் டாஷ்போர்டு முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே ரோடு சரியாகத் தெரியாது.

இன்னொரு பக்கம் தண்ணீர் அடிப்படையில் செய்த மேட் ப்ரொடெக்டன்ட்கள், அதாவது மினுங்காத பாதுகாப்புப் பூச்சுகள். 303 ஏரோஸ்பேஸ் ப்ரொடெக்டன்ட் இதில் பிரபலம். புற ஊதாக் கதிரைத் தடுக்கத்தான் இதை விற்கிறார்கள், பூசியதே தெரியாது, கையில் பிசுபிசுக்காது. 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை திரும்பப் பூசச் சொல்கிறது கம்பெனி, விலையும் கூடுதல். இருந்தாலும் சென்னை, மதுரை மாதிரி ஊரில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஷெட்டிலேயே நிற்கிற வண்டியா, ஈரமான மைக்ரோஃபைபர் துணியே போதும், இரண்டுமே வேண்டாம். அப்புறம், 'வாட்டர் பேஸ்டு' என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அதிலும் பளபள ரகம் உண்டு.

எதைப் பூசுவதானாலும் முதலில் அழுக்கு போக வேண்டும். ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து, துணியில் அடித்துத் துடைத்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டும் வேலை செய்யும்தான், ஆனால் சோப்பு போகத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கூரைத் துணியை மட்டும் நனைக்காதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும்.

காசு வீணாவது சீட்டில்தான். 'லெதர் சீட்' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை லெதரெட், அதாவது பிவிசி அல்லது பியூ என்ற பிளாஸ்டிக்கில் செய்த செயற்கைத் தோல். லெதர் கண்டிஷனர் அதற்குள் இறங்காது, மேலேயே நின்று வழுக்கும். அதற்கு ஆல் பர்ப்பஸ் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், மேலே வேண்டுமானால் அதே மேட் ப்ரொடெக்டன்ட்.

டச் ஸ்க்ரீனுக்கு அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம், மேல் பூச்சு போய்விடும். ஸ்டீயரிங், பெடல் பக்கம் எந்தப் பாலிஷையும் கொண்டு போகாதீர்கள், வழுக்கும். வாட்டர் வாஷ் கடையில் விடுகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பையன்கள் பாசத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள்.