ஸ்வால்பார்ட் ஒரு நாள் போட் டூர்: கரடி பாக்கறவங்க யோசிச்சு புக் பண்ணுங்க

மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3.5. கரடி வரல, ஆனா மார்க் கொறைச்சது அதுக்கில்ல.

ஜூலைல நானும் மாமாவும் (அக்கா வீட்டுக்காரர், ஆஸ்லோல இருக்காரு) லாங்இயர்பியன் (நார்வேக்கு வடக்க இருக்கற ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தோட பெரிய ஊரு) போயிருந்தோம். காலைல கெளம்பி பில்லஃபியோர்டுக்குள்ள (ஃபியோர்டுன்னா மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல்) போயி நூர்டென்ஷோல்ட் பனியாத்த பாத்துட்டு சாயங்காலம் திரும்பற டூர். கம்பெனி பேரு வேணாம், அதே ரூட்ல இன்னும் சில பேர் ஓட்டறாங்க. விளம்பரம் பூரா கரடி, வால்ரஸ், ஐஸ். நேர்ல போனா மொத ரெண்டு மணி நேரம் ஒரு துண்டு ஐஸ் கண்ல படல. 78 டிகிரி வடக்கு, துருவத்துக்கு இன்னும் 1,300 கிலோமீட்டர்தான், கடல் என்னடான்னா ஈயத்த காய்ச்சி ஊத்துன மாதிரி சும்மா கெடக்கு. இதுல அந்த இடத்துக்கு பேரே ஈஸ்ஃபியோர்டு, அதாவது ஐஸ் ஃபியோர்டு!

மாமா கடுப்பாகி கைட் கிட்டயே கேட்டுட்டாரு, ஐஸ் எங்கம்மான்னு. அங்கதான் டூர் சூடு புடிச்சுது. அந்தப் பொண்ணு கடல் பத்தி படிச்சவங்க, சீசனுக்கு இந்த வேலை பாக்கறாங்க. ஆர்க்டிக் கடல் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் இருந்தாலும் அதுக்கு ஆழமான வாசல் ஒண்ணே ஒண்ணுதானாம், ஸ்வால்பார்டுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல இருக்கற ஃப்ராம் ஜலசந்தி. அந்த வாசல்ல கெழக்கால அட்லாண்டிக்கோட வெதுவெதுப்பான தண்ணி உள்ள போகுது, மேக்கால கிரீன்லாந்த ஒட்டி ஐஸ் வெளிய வருது, ரெண்டு கரையும் ஒரே அட்சரேகைதான் ஆனா அந்தப் பக்கம் ஐஸ், இந்தப் பக்கம் நாங்க போட்ல காபி குடிச்சிட்டு நிக்கறோம். 2005-06 குளிர்காலத்துல அந்த அட்லாண்டிக் தண்ணி ஸ்வால்பார்டோட மேக்குப் பக்கத்து ஃபியோர்டுகளுக்குள்ள புகுந்துச்சாம், அதுக்கப்பறம் பழையபடி உறையறதே இல்லையாம். 2004ல நீல மட்டி திரும்ப வந்துச்சாம் (ஆயிரம் வருஷமா அங்க கெடயாதாம்), 2013ல கானாங்கெளுத்தி கூட மாட்டிச்சாம்.

பில்லஃபியோர்டு ஈஸ்ஃபியோர்டுலேர்ந்து பிரியற ஒரு கிளைதான், ஆனா கடலுக்கடியில அதுக்கு வாசப்படி மாதிரி ஒரு மேடு இருக்கு. ஈஸ்ஃபியோர்டு வாய்ல அப்படி ஒண்ணும் பெருசா இல்ல. அதனால வெளித்தண்ணி லேசுல உள்ள வராது, குளிர்காலத்துல கனமாகி எறங்கற தண்ணி அடியிலயே தங்கிடுது, வருஷம் பூரா பூஜ்யத்துக்குக் கீழதான். மாமா ஒடனே "நம்ம வீட்டு வாசப்படி மழைத்தண்ணிய தடுக்கறாப்லதான்"ன்னாரு, நான் அத இங்கிலீஷ்ல சொன்னதும் கைட் சிரிச்சிட்டாங்க.

எனக்குப் புடிச்சது இன்னொண்ணு, தண்ணி எவ்ளோ தெளிவுன்னு பாக்கற சோதனை. தாம்பாளம் சைஸ்ல ஒரு வெள்ளத் தட்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. ஃபியோர்டு நடுவுல எறக்குனப்ப ஏழு முடிச்சு போனப்பறம்தான் தட்டு மறைஞ்சுது. பனியாத்துக்கு முன்னாடி நிறுத்தி எறக்குனா ஒரு முழம் கூட போகல, பால் ஊத்துன டீ கலரு. பனியாத்துக்கு அடியில ஓடற உருகுன தண்ணி பாறைத்தூள அரைச்சு எடுத்துட்டு வருது, உப்புத்தண்ணிய விட லேசுங்கறதால குபுகுபுன்னு மேல ஏறுது, ஏறும்போது அடியில இருக்கற பொடி உயிரினங்களயும் தூக்கிட்டு வருது. அந்தக் கலங்கல் மேல மட்டும் கிட்டிவேக் பறவைங்க கூட்டமா மொய்ச்சுது, பத்தடி தள்ளி ஒண்ணு இல்ல. கயித்த என் கையில குடுத்தாங்க, விரல் அஞ்சு நிமிஷம் மரத்துப்போச்சு.

சரி, கொறைக்கு வரேன். விளம்பரத்துல பிரமிடன்ல எறங்கி நடக்கற போட்டோ போட்ருக்காங்க (சோவியத்காரங்க 1927ல வாங்குன நிலக்கரி ஊரு, 1998ல மூடிட்டாங்க). ஆனா போட்லயே நின்னு தூரத்துலேர்ந்து காட்டிட்டு திருப்பிட்டாங்க. எறக்க மாட்டோம்னா அந்த போட்டோவ எடுத்துருங்க பாஸ், ஒரு மார்க் இதுக்குத்தான் போச்சு. நிலக்கரிக் கதைய அந்த அரை மணி நேரம் சொல்லியிருக்கலாம், நார்வே பக்கம் கடைசி சுரங்கமும் 2025ல மூடிட்டாங்கன்னு ஊருக்குள்ள வந்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. மிச்ச அரை மார்க் சாப்பாட்டுக்கு. காட் மீன் சூப் அருமை, பக்கத்துல இருக்கற பேரன்ட்ஸ் கடல்ல புடிச்சதாம், உலகத்துலயே பெரிய காட் கூட்டம் அங்கதானாம். வெஜ் கேட்டவங்களுக்கு பிரெட்டும் கேரட்டும், அவ்ளோதான்.

கரடி ஆசையோட போறவங்களுக்கு: 2025லேர்ந்து 300 மீட்டருக்குள்ள கிட்ட போகக் கூடாது, மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் 500 மீட்டர். வந்தாலும் உங்க போன்ல வெள்ளப் புள்ளிதான், பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.

எறங்கும்போது கைட் எந்த ஊருன்னு கேட்டாங்க, இந்தியான்னதும் "நி-ஓலசுண்ட்ல உங்க ஸ்டேஷன் இருக்கே"ன்னாங்க. ஹிமாத்ரி, ஸ்வால்பார்டுலயே இருக்கற இந்தியாவோட ஆராய்ச்சி நிலையம், 2008லேர்ந்து இருக்கு. அங்க கோங்ஸ்ஃபியோர்டுல 192 மீட்டர் ஆழத்துல 2014ல நம்மாளுங்க ஒரு கருவிய எறக்கியிருக்காங்க, அதுல பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு இருக்கு. பத்து வருஷமா அந்த நிறுவனத்து கேட்ட தாண்டித்தான் பஸ்ல போறேன், ஒரு நாள் கூட திரும்பிப் பாத்ததில்ல.

விசா: ஸ்வால்பார்டுக்கு விசாவே வேணாம், ஆனா நார்வே வழியாத்தான் போகணும், ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு (நார்வேயும் சேந்த, ஒரே விசால போற ஐரோப்பிய நாடுங்க) வெளிய. திரும்பி வரும்போது மறுபடி நுழையற கணக்கு, அதனால டபுள் என்ட்ரி வாங்கிடுங்க.