முத்துலட்சுமிக்கு ஏழு எழுத்து: எங்கள் பாய்க்கு வெப்சைட் செய்த இடம்

எங்களுக்குப் பத்தமடை. உம்மா பாய் நெய்ய, நான் விற்கிறேன். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற சின்ன வெப் டிசைன் ஆபீஸில் எங்கள் வெப்சைட்டைச் செய்து வாங்கினோம். மொத்தமே மூன்று பேர்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

இதற்கு முன்னால் வேறொருத்தரிடம் கொடுத்து 15,000 ரூபாய் போனது. டொமைனை, அதாவது சைட்டின் முகவரிப் பெயரை, அவர் தன் பெயரிலேயே வாங்கியிருக்கிறார். இரண்டாம் வருஷம் அதைப் புதுப்பிக்காமல் விட்டதில் சைட்டும் போச்சு, கார்டில் அச்சடித்த முகவரியும் போச்சு. அதனால் இங்கே போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, டொமைன் யார் பெயரில் இருக்கும் என்பதுதான். ஆபீஸ் வைத்திருக்கிற தம்பி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "உங்க பேரு, உங்க மெயிலு. நீங்களே டைப் பண்ணுங்கக்கா. பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியவே வேண்டாம்" என்றார். அவர் தலைக்கு மேல் சுவரில் ஒரு காலண்டர். யாருடைய டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

என்ன கலர் வேணும் என்றெல்லாம் அன்றைக்குக் கேட்கவில்லை. "பாயைப் பாக்காம எப்படிக்கா டிசைன் பண்ண?" என்றாள் அங்கே வேலை பார்க்கிற பிள்ளை. அடுத்த வாரம் ஒரு சாதாரணப் பாயும் ஒரு பட்டுப் பாயும் சுமந்துகொண்டு பாபநாசம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். இரண்டையும் தரையில் விரித்து மூன்று பேரும் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டும் கோரைதான், பட்டுப் பாய்க்கு அதை இன்னும் மெல்லிசாகக் கிழித்து ஊறப்போடுவோம், அதனால்தான் துணி மாதிரி மடிகிறது என்று சொன்னேன். டியூப்லைட்டில் போட்டோ எடுத்தால் சிவப்பு மண்ணாகத் தெரிந்தது. பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு. நாலு மணிக்கு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய், சாய்ந்த வெயிலில் விரித்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்து எடுத்தார்கள். அந்தப் படத்தில் கோரை இழையை ஒன்றொன்றாக எண்ணலாம். உம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

இவர்கள் செய்ததிலேயே பெரிய வேலை கல்யாணப் பாய் ஆர்டர் பண்ணுகிற பக்கம்தான். பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்போம். முன்பெல்லாம் பெயரை வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் அனுப்புவார்கள். ணகரமா னகரமா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை அருணாவை 'அருனா' என்று நெய்துவிட்டோம். பத்து நாள் உழைப்பு. நெய்ததைப் பிரிக்கவா முடியும்? இப்போது தமிழில் டைப் பண்ணினால் பெயர் பாய்ப் படத்தின் மேல் பெரிசாக வருகிறது. "இப்படியே நெய்யலாமா?" என்று கேட்டு, சரி சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

பாயின் அகலத்துக்கு 12 எழுத்துதான் என்று கணக்குச் சொல்லியிருந்தேன். சோதித்துப் பார்க்க 'முத்துலட்சுமி' என்று அடித்தேன். அதிகம் என்று தள்ளிவிட்டது. விரல் விட்டு எண்ணினாலும் ஏழுதானே! "கம்ப்யூட்டரு மு-வை ம தனியா, உகரக் குறி தனியா எண்ணுதுக்கா. அதோட கணக்குல இது பதிமூணு" என்று அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து, நாம் சிலேட்டில் எண்ணுகிற மாதிரியே அது எண்ணும்படி மாற்றிக் கொடுத்தாள். எங்கள் பழைய நோட்டீஸ் எல்லாம் பாமினி என்கிற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. சைட்டில் ஒட்டினால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. அதையும் முழுக்க, இப்போது எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தந்தார்கள், தனிக் காசு கேட்கவில்லை.

குறையும் உண்டு. மூன்று வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆக்கினார்கள். ஒருநாள் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பஸ் பிடித்து வந்து சும்மா திரும்பினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை. படியும் செங்குத்து, முட்டுவலி உள்ளவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

செலவு 28,000 ரூபாய், மூன்று தவணையாகக் கொடுத்தேன். டொமைனுக்கும், சைட்டை இன்டர்நெட்டில் வைத்திருக்கிற இடமான ஹோஸ்டிங்குக்கும் வருஷம் 4,500. அதை நானே நேராகக் கட்டுகிறேன், ரசீது என் மெயிலுக்கே வருகிறது.