பின் சஸ்பென்ஷன் வேலைக்குக் கார் விடுமுன் இதைப் படியுங்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தாருக்கு

பழைய புரோட்டான் வீரா ஒன்றின் பின் சஸ்பென்ஷனுக்கு எங்கள் வட்டாரப் பட்டறை ஒன்று 780 வெள்ளி வாங்கியிருக்கிறது. பில்லில் லோவர் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) 2, போல்ட், அலைன்மென்ட், எல்லாம் புதுசு என்று எழுதியிருக்கிறார்கள். காரைத் தூக்கிப் பார்த்தால் ஆர்ம் இரண்டும் ஹாஃப்-கட் கடைச் சாமான் (வெட்டிப் பிரித்த பழைய காரின் பாகம்), மேலே கறுப்பு ஸ்ப்ரே. ஆர்மின் முனையில் இருக்கும் புஷ் ரப்பரின் ஓரம் வெந்து பிசுபிசுக்கிறது. உட்பக்க போல்ட்டின் தலையில் எந்த எண்ணும் இல்லை. டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணத்தை, சரிசெய்யும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) வாஷரைப் பிராக்கெட்டோடு வெல்டிங் வைத்துவிட்டார்கள். அந்த வெல்டிங்கை எடுக்காதவரை பின் சக்கர அலைன்மென்ட் செய்யவே முடியாது. பின் டயர் இரண்டும் உள் ஓரத்தில் தேய்ந்துவிட்டன. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற கார் இது.

ஆர்மைக் கழற்றும்போது போல்ட் துருவில் இறுகிக் கழலாமல் நிற்பது பட்டறையின் குற்றமில்லை. நம் ஊரில் பனியும் இல்லை, சாலையில் உப்பும் போடுவதில்லை. ஆனால் செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்புதான். ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். உர மூட்டை ஏற்றிய கார், மழையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய கார் என்றால் அடியில் துரு நிச்சயம். புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் உண்டு, போல்ட் அதற்குள் போகிறது. இடைவெளி மிகக் குறைவு. தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால், குழாயும் போல்ட்டும் ஒன்றாகிவிடும். நட்டு சுலபமாகக் கழன்றுவிடும். போல்ட்டைத் திருப்பினால் கொஞ்சம் சுற்றும், கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். போல்ட்டும் குழாயும் சேர்ந்து சுற்ற, ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் அப்படி. அது தெரிந்தபின் மேலும் பலம் போட்டுப் பயனில்லை.

சில போமன்கள் (மெக்கானிக்குகள்) கேஸ் டார்ச்சை எடுப்பது அந்தக் கட்டத்தில்தான். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ். சிவக்கச் சூடேறிய போல்ட்டின் பதம் போய்விடும், அதைத் திரும்பப் போடவே கூடாது. புஷ் வெந்த ஆர்மும் அப்படித்தான். இந்தக் காரில் போட்ட ஹாஃப்-கட் ஆர்மின் புஷ்ஷும் வெந்திருக்கிறது, அதை மேலே பூசி மறைத்திருக்கிறார்கள்.

முறையான வேலை நேரம் பிடிக்கும். கழற்றுமுன் எக்சென்ட்ரிக் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறிக்க வேண்டும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆட்டோ கியர் எண்ணெயும் (ATF) அசெட்டோனும் சரிபாதி கலந்து இரு முனையிலும் விட்டு ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். அசெட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ரப்பரில் வழியவும் விடாதீர்கள். மறுநாள் ஆர்மின் அடியில் இன்னொரு ஜெக் வைத்துப் பாரத்தை எடுத்துவிட்டு, இம்பேக்ட் கன்னால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். சுத்தியலால் தட்டுவதென்றால் நட்டைப் போல்ட் முனைக்குச் சமமாக வைத்துத்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரை மழுங்கி நட்டே ஏறாது.

அதற்கும் அசையாவிட்டால் வெட்டுவதுதான் வழி. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும், இரும்பறுக்கும் பிளேடு போட்ட, முன்னும் பின்னும் ஆடும் மின் ரம்பத்தால் போல்ட்டை அறுக்க வேண்டும். பிராக்கெட்டில் கீறல் விழக் கூடாது, அது பாடியின் பாகம். வெட்டிய போல்ட்டைத் திரும்பப் போட முடியாது. ஆகவே ஆர்ம், போல்ட், நட்டு, எக்சென்ட்ரிக் வாஷர் எல்லாம் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தபிறகே கழற்றத் தொடங்குவது நல்லது. ‘அண்ணே, போல்ட் பிடிச்சிருக்கு, வெட்டணும், கூட செலவாகும்’ என்று போன் போட்டுச் சொல்கிற போமனை நம்பலாம். கேட்காமல் நெருப்பு வைப்பவரிடம் காரைத் திரும்ப விடாதீர்கள்.

பூட்டும்போது தாமிர கிரீஸை போல்ட்டின் வழவழப்பான தண்டில் மட்டும் தடவ வேண்டும், மரையில் அல்ல. மரையில் கிரீஸ் இருந்தால் டார்க் (இறுக்கும் விசை) கணக்கு தவறிவிடும். பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. கார் தன் பாரத்தில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கிய புஷ், கார் இறங்கியதும் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

காரை எடுக்கும்போது போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். சாதாரண 4.6 போல்ட்டின் இழுவிசைத் தாங்கு திறன் 8.8-இல் பாதிதான். வெட்டிய போல்ட்டையும் பழைய ஆர்மையும் கையில் கேளுங்கள். ‘புதுசு வாங்கினோம்’ என்றால் கடை ரசீதைப் பாருங்கள். அலைன்மென்ட் செய்வதற்கு முன்பு எடுத்த அளவுத் தாள், செய்த பிறகு எடுத்த தாள் இரண்டும் வேண்டும். பின் சக்கர டோ இரு பக்கமும் தாளில் காட்டிய அளவுக்குள், ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால் வேறு பட்டறையில் கழற்றுமுன் எல்லாவற்றையும் படம் எடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.