ஆடுகிற பூ எது: கோனியோபோராவா, அல்வியோபோராவா, ஸீனியாவா?

தண்ணீருக்குள் பூ ஆடுவதைப் பார்க்கும் ஆசையில்தான் நான் கடல் உயிர்களை வளர்க்கும் உப்புத்தண்ணீர் டேங்க் பக்கம் வந்தேன். பூ என்று நான் சொல்வது மூன்று வகைப் பவளங்களை. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் கோனியோபோரா, அல்வியோபோரா இரண்டையும் ஒரே டேங்கில் வளர்த்தேன். ஊர் திரும்பிய பிறகு அஸ்தம்பட்டி வீட்டில் இருப்பது ஸீனியா. சேலத்தில் யாராவது எதை வைக்கலாம் என்று கேட்டால், மூன்றோடும் பழகியதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதல் இரண்டையும் கடையில் ஃப்ளவர்பாட் கோரல் என்ற ஒரே பெயரில் விற்பார்கள். பிரித்தறிவது சுலபம். பவளத்தில் பூ மாதிரி நீளும் ஒவ்வொரு சிற்றுயிரும் ஒரு பாலிப். அதன் நுனியில் உள்ள இழைகளை எண்ணுங்கள். 24 என்றால் கோனியோபோரா, 12 என்றால் அல்வியோபோரா. பார்க்க அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் நெருங்கிய உறவு கிடையாது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அல்வியோபோராவை அக்ரோபோரா என்ற வேறு பவளத்தின் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அழகில் எனக்குக் கோனியோபோராதான். காலையில் விளக்கு போட்டதும் கல் மாதிரி கிடந்தது மெல்ல மெல்ல நீண்டு, ஒரு கூடை சாமந்தியாக விரியும். ஆனால் அதற்குப் பசி அதிகம். உடம்புக்குள் இருக்கும் பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பது மட்டும் அதற்குப் போதாது. நான் முதலில் வாங்கிய பச்சைக் கோனியோபோரா சில மாதம் நன்றாக விரிந்தது. அப்புறம் ஒரு ஓரமாகச் சுருங்கத் தொடங்கி, ஒன்பதாம் மாதம் வெறும் எலும்புக்கூடாக நின்றது. அன்று என் டேங்கில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். தண்ணீரில் சத்தே இல்லாத அளவுக்குச் சுத்தம். அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன். கலங்கிய தண்ணீரிலும் சேற்றுத் தரையிலும் வாழக்கூடிய உயிரைப் பட்டினி போட்டுவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த முறை சிவப்பு நிறத்தில், பாலிப் குட்டையாக இருக்கும் வகையை வாங்கினேன். பச்சையைவிட அது தாக்குப் பிடிக்கும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் வைத்தேன். வாரம் மூன்று நாள், டேங்கில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கால் மணி நேரம் நிறுத்தி, பொடி உணவைத் தண்ணீரில் கரைத்துப் பாலிப்புகள் மேல் மெதுவாக விட்டேன். மாங்கனீசும் இரும்பும் துளித்துளியாகச் சேர்த்தேன். நான் ஊருக்குக் கிளம்பும்வரை அது வளர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் மட்டும் எதையும் வைக்கக் கூடாது. 15 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் அண்டை வீட்டுப் பவளத்தைத் தேள் மாதிரி கொட்டிவிடும்.

அல்வியோபோரா சாது. வெளிச்சமும் நீரோட்டமும் மிதமாக இருந்தால் போதும். எலும்புக்கூடுதான் பஞ்சு மாதிரி, ஓட்டை ஓட்டையாக, லேசாக இருக்கும். கையில் எடுக்கும்போது அழுத்தினால் நொறுங்கிவிடும். புதிதாகத் தொடங்குபவர் இரண்டில் ஒன்றைக் கேட்டால் அல்வியோபோராவைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் சிங்கப்பூரில். நம் ஊரில் கணக்கே வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியும் யானையும் இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. கோனியோபோராவும் அல்வியோபோராவும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் இருந்து பெயர்த்து வந்ததை யாராவது மறைவாகக் காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். அங்கே ஒரு கல் வளர எத்தனை வருடம் ஆகும் என்பது, அதை வளர்த்தவனுக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பது ஸீனியா. கல் கட்டாத மென்பவளம், அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். ஆட்டத்தில் இது மற்ற இரண்டையும் மிஞ்சும். அவை நீரோட்டத்தில் ஆடும், இது தானே கையை மூடி மூடித் திறக்கும். செங்கடல் ஸீனியா வகை ஒன்றை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது. இந்த அசைவு, உடம்பைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை விலக்கிவிட, உள்ளே இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை கூடுகிறதாம். தனியாகத் தீனி போட வேண்டாம். குறை என்றால், பாறை முழுக்கப் பரவிவிடும். அதனால் தனிக்கல்லில், மணல் நடுவில் வையுங்கள்.

வெயிலுக்கு இது பயப்படும். 30 டிகிரியைத் தாண்டிச் சில நாள் போனால் என் டேங்கில் கரையத் தொடங்குகிறது. ஆனால் சேலத்துக்கு ஒரு நல்லது இருக்கிறது. கோடையில் நம் காற்று சென்னையைவிட வறண்டது. தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டாலே ஆவியாகி 3 டிகிரி வரை குறைகிறது. நல்ல ஏசி அறை என்றால், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமலே மே மாதத்தைத் தாண்டிவிடலாம். ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தினமும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். உப்புத்தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கடினத்தன்மை அதிகம்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை தலைகீழ். கோடையில் ஃபேன்கூடத் தேவைப்படாது. டிசம்பர் இரவுகளுக்கு ஹீட்டர் கட்டாயம். டேங்க் 25 டிகிரியில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஏர் பம்ப் ஓட ஒரு சின்ன பேட்டரியும் வாங்கி வையுங்கள்.