சிங்க் கட்டி சீக்கிரம் கரைகிறதா? கடைக்குப் போகுமுன் மீற்றரை எடுங்கள்

பைபர் போட்டின் உடம்பு துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் வெண்கலப் புரொப்பலர், ஸ்டெயின்லெஸ் சாப்ட், பித்தளை வால்வு எல்லாம் ஒரே உப்புத் தண்ணீரில்தான் நிற்கின்றன. அவை அரிக்காமல், அவற்றுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கே சிங்க் (துத்தநாக) கட்டி பூட்டுகிறோம். அங்கே 100 மில்லிஅம்பியர் மின் கசிந்தாலே நாளுக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சிங்க் போய்விடும், வருடத்தில் ஒரு கிலோ. அதைக் கவனியாமல் பெரிய கட்டியாகப் பார்த்து வாங்கிப் பூட்டுவது, ஓட்டை வாளிக்குப் பெரிய கிணறு தேடுவது மாதிரி.

பல பருவம் பாவித்ததில் அதிகம் உழைத்த சாமான் சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர்தான். மெயின் சுவிட்சைப் போட்டு, மற்ற எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பற்றரியின் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள். கழற்றிய இரண்டு முனைக்கும் நடுவே ஓம் பாருங்கள். 10 கிலோஓமுக்கு மேல் என்றால் பயமில்லை. 1 கிலோஓம் என்றால் 12 வோல்ட்டில் 12 மில்லிஅம்பியர் ஓடுகிறது. 100 ஓம் வந்தால் அன்றைக்கே தேட வேண்டும். ரேடியோ, ஜிபிஎஸ் நினைவகம் சில மில்லிஅம்பியர் குடிக்கும். அவற்றின் பியூஸைக் கழற்றிவிட்டே பாருங்கள்.

அம்பியராகப் பார்க்க, நெகட்டிவ் கேபிளைத் திரும்பப் பூட்டி, பொசிட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே மீற்றரை வையுங்கள். கம்பி 10 அம்பியர் துளையில் இருக்க வேண்டும். மில்லிஅம்பியர் துளையில் வைத்து பம்ப் ஓடினால் உள்ளே பியூஸ் போய்விடும். மீற்றர் பூட்டியிருக்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

குற்றவாளி அநேகமாக பில்ஜ் பம்ப்தான், அதாவது போட்டின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப். தானியங்கி மிதவைச் சுவிட்சுக்கு மெயின் சுவிட்சைத் தாண்டி நேரே பொசிட்டிவ் வருவதால், எல்லாம் அணைத்தாலும் அந்த வயரில் மின் இருக்கும். முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றிய இணைப்பு கீழே தேங்கிய தண்ணீரைத் தொட்டால் போதும். ரேப்பை உரித்துப் பாருங்கள்: செம்பு பச்சைப் பொடியாகி, வயருக்குள்ளும் கறுத்து ஏறியிருக்கும். கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி, வெள்ளீயம் பூசிய வயர், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாய் பாவித்து இணைப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். பழையதுக்கு மேல் புதிய ரேப் சுற்றுவது வீண்.

அடுத்தது சில்வர் குளோரைட் எலெக்ட்ரோட், தண்ணீரில் நிற்கும் உலோகத்தின் வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் முனை. அதைப் போட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறக்கி மீற்றரின் கறுப்புக் கம்பியோடும், சிவப்பைச் சாப்டோடும் வையுங்கள். கட்டி பூட்டாத வெண்கலம் ஏறத்தாழ −240 முதல் −360 மில்லிவோல்ட் காட்டும். கட்டி வேலை செய்தால் அதிலிருந்து இன்னும் 200 கீழே இறங்க வேண்டும். பிறகு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது எண் பூச்சியப் பக்கம் ஏறுகிறதோ, அந்த வயரில்தான் கசிவு.

மட்டக்களப்பு வாவிக்குள் கட்டும் போட்டுக்கு ஒரு எச்சரிக்கை. மாரியில் உப்பு பத்திலொன்றாகக் குறைந்தால் எலெக்ட்ரோடே சுமார் 60 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். பாதுகாப்பு நன்றாக இருப்பதுபோல் மீற்றர் பொய் சொல்லும். அந்த நாட்களில் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்புங்கள்.

கலப்பு நீரில் சிங்கின் மேல் கடினமான வெள்ளைப் பொருக்குப் படிந்து, கரையாமல் சும்மா இருந்துவிடும். கட்டி முழுசாக இருக்கிறதே என்று சந்தோசப்பட ஒன்றுமில்லை. வாவிக்கும் கடலுக்கும் மாறிமாறிப் போகும் போட்டுக்கு அலுமினியக் கட்டியே சரி. அவுட்போர்ட் எஞ்சின் காலுக்கும் அதுதான். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பூட்டுமிடத்தை உலோகம் மினுங்கும்வரை தேய்த்தபின் பூட்டுங்கள். போட்டுக்கு அடிப்பெயின்ட் அடிக்கும்போது கட்டியைக் கடதாசியால் மூடிவிடுங்கள். பெயின்ட் பட்ட கட்டி வேலை செய்யாது.